கோப்பை சொல்லாத கணக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் உனக்கு ஆர்வம் வந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆண்கள் அணி 2019-இல் கோப்பை வென்றதைப் பற்றி, “பட்ட அவமானத்துக்குப் பழிதீர்த்த அணி” என்று எழுதியிருந்தாய். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். முந்தைய ஆண்டு தோற்றார்கள், பாடம் கற்றார்கள், மறு ஆண்டு வென்றார்கள் என்று கதை வசதியாக அமைந்துவிடுகிறது. அந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது. 2018-இல் தோற்றதும் மிக நல்ல அணி. 2019-இல் வென்றது அதைவிடச் சற்று மேம்பட்ட அணி, அவ்வளவுதான். ஒரே இரவின் முடிவை வைத்து ஒரு சீசன் முழுவதன் உழைப்புக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு, இந்த விளையாட்டில் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நவம்பரில் சீசன் தொடங்குகிறது. நான்கு மாதங்களில் ஓர் அணி முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடும். பிறகு மார்ச்சில் 68 அணிகள் மோதும் என்.சி.ஏ.ஏ. போட்டி வரும். அதில் ஒருமுறை தோற்றால் வெளியேற வேண்டியதுதான். நான்கு மண்டலங்களிலும் அணிகளுக்கு 1 முதல் 16 வரை தரவரிசை கொடுத்து, முதலிடத்தையும் பதினாறாம் இடத்தையும் முதல் சுற்றில் மோதவிடுவார்கள். இந்த முறை வந்த 1985 முதல் முதலிட அணிகள் இப்படி 135 முறை ஆடி 135 முறையும் வென்றிருந்தன. 2018 மார்ச் 16 அன்று, 31 வெற்றி, 2 தோல்வியோடு வந்து ஒட்டுமொத்தத் தரவரிசையிலும் முதலிடம் பெற்றிருந்த வர்ஜீனியா, யு.எம்.பி.சி. என்று அழைக்கப்படும் மேரிலாண்ட் பல்கலைக்கழக பால்டிமோர் கவுண்டி அணியிடம் 54-74 என்று தோற்றது. இடைவேளையில் 21-21 என்று சமநிலை. அடுத்த பாதியில் மட்டும் யு.எம்.பி.சி. 53 புள்ளிகள் குவித்தது. அந்த சீசனில் வர்ஜீனியா எதிரணிகளுக்கு ஓர் ஆட்டம் முழுவதிலும் விட்டுக்கொடுத்த சராசரியே ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்த 20 புள்ளி எங்கிருந்து வந்தது என்று பார். யு.எம்.பி.சி. 24 முறை மூன்று புள்ளி எறிதலுக்கு முயன்று 12 முறை கூடையில் போட்டது. வர்ஜீனியா 22 முறை முயன்று 4 முறைதான் போட்டது. இதில் மட்டுமே 24 புள்ளி வித்தியாசம். அதாவது, தோல்வியின் அளவு முழுவதும் அந்த ஒரு கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. வர்ஜீனியாவின் டி'ஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு முறிந்து அன்று ஆடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள். எதிரணியின் ஜைரஸ் லைல்ஸ் 28 புள்ளிகள் எடுத்து அற்புதமாக ஆடினார். அவர்கள் அந்த வெற்றிக்கு முழுத் தகுதி உள்ளவர்கள். ஆனால் அதே யு.எம்.பி.சி. அதே ஆண்டு ஜனவரியில் ஆல்பனி அணியிடம் 39-83 என்று தோற்றிருந்தது. ஓர் இரவைக் கொண்டு தரத்தை அளக்கலாம் என்றால் ஆல்பனி வர்ஜீனியாவைவிட 64 புள்ளி மேலான அணி என்று சொல்ல வேண்டிவரும். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

இப்போது 2019-க்கு வா. காலிறுதியில் பர்டூவின் கார்சன் எட்வர்ட்ஸ் 42 புள்ளிகள் எடுத்தார். ஆறு விநாடிகூட மிச்சமில்லாத நிலையில் வர்ஜீனியா இரண்டு புள்ளி பின்தங்கியிருக்க, டை ஜெரோம் எறிந்த ஃப்ரீ த்ரோ தவறியது. மமாடி டியாகிட்டே தட்டிவிட்ட பந்து மைதானத்தின் மறுபாதிக்கே உருண்டோடியது. கிஹே கிளார்க் அதைத் துரத்திப் பிடித்து நீளமாக வீச, டியாகிட்டே ஒலிப்பான் ஒலிக்கும் தருணத்தில் எறிந்த பந்து கூடையில் விழுந்து ஆட்டம் 70-70 ஆனது. கூடுதல் நேரத்தில் வர்ஜீனியா 80-75 என்று வென்றது. அரையிறுதியில் ஆபர்ன் அணிக்கு எதிராக, 0.6 விநாடி மிச்சமிருக்கையில் ஃபவுல் கிடைத்து, கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டு 63-62 ஆக்கினார். சில விநாடிகளுக்கு முன் ஜெரோம் செய்த டபுள் டிரிப்ளிங் விதிமீறல் நடுவர்கள் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் பந்து ஆபர்னுக்குப் போயிருக்கும். ஏப்ரல் 8 அன்று மினியாபொலிஸில் நடந்த இறுதி ஆட்டத்தில் டெக்சஸ் டெக் மூன்று புள்ளி முன்னிலையில் இருக்க, 12 விநாடி இருக்கும்போது ஹண்டரின் எறிதல் ஆட்டத்தை 68-68 ஆக்கியது. பிறகு கூடுதல் நேரத்தில் 85-77. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் இந்த அணி தோல்வியிலிருந்து சில விநாடித் தூரத்தில் நின்றது. அவற்றில் ஒரு பந்து விளிம்பில் பட்டுத் திரும்பியிருந்தால், அணியின் பயிற்சியாளர் டோனி பென்னட்டைப் பிடிவாதக்காரர் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே நீ வலுவான ஒரு மறுப்பை எழுப்பலாம்: “தோல்விக்குக் காரணம் தற்செயல் மட்டும்தானா? அவர்களுடைய ஆட்ட முறையிலேயே குறை இல்லையா?” இருந்தது. பென்னட்டின் தற்காப்பு முறை அவருடைய தந்தை டிக் பென்னட் வகுத்தது. பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்க, மற்ற நால்வரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே திரண்டு நின்று கூடைக்கான வழியை அடைப்பார்கள். உள்ளே நுழைவது கடினம். அதற்கு விலையாக வெளியிலிருந்து எறிய எதிரணிக்கு இடம் கிடைக்கும். மேலும் அப்போதைய வர்ஜீனியா நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் ஒன்றாக இருந்தது. ஆட்டத்தின் வேகம் குறைந்தால் இரு அணிகளின் கைக்கும் பந்து வரும் முறைகள் குறையும். முறைகள் குறைந்தால் வலிமையான அணி தன் மேன்மையை நிலைநாட்ட வாய்ப்பும் குறையும், பின்தங்கிவிட்டால் மீள்வதும் கடினம். இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் குறை 2018 மார்ச்சில் முளைத்ததல்ல, 2019 ஏப்ரலில் மறைந்துவிடவும் இல்லை. அதே முறையில் அதே மெதுவான ஆட்டத்தை ஆடித்தான் இரண்டு சீசன்களிலும் சேர்த்து 72 ஆட்டங்களில் 66-ஐ வென்றார்கள். பென்னட் அடித்தளத்தைக் கைவிடாமல் தாக்குதலில் மட்டும் சில மாற்றங்கள் செய்தார். நான்கு மாதச் சான்றுக்கு ஓர் இரவின் சான்றைவிட அதிக மதிப்புக் கொடுத்தார். அதைப் பிடிவாதம் என்று நான் சொல்ல மாட்டேன். சரியான கணிப்பு என்பேன்.

“அப்படியானால் கோப்பைக்கு மதிப்பே இல்லையா?” என்றும் கேட்பாய். உண்டு. விதிகள் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், அந்த விதிகளின்படி வென்றவர் வென்றவரே. இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் கிடைத்த 12 ஃப்ரீ த்ரோக்களையும் வர்ஜீனியா தவறவிடாமல் போட்டது. அதற்கு நெஞ்சுரம் வேண்டும். நாக்-அவுட் போட்டி “இன்று யார் வென்றார்?” என்ற கேள்விக்கு விடை சொல்கிறது. “யார் சிறந்தவர்?” என்பது வேறு கேள்வி, அதற்கு விடை நீண்ட சீசனில்தான் இருக்கிறது. இரண்டையும் குழப்புவதால் மனிதர்கள் காயப்படுகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இருபது வயதைச் சுற்றியுள்ள மாணவர்கள் ஒரு தோல்விக்காக நாடெங்கும் கேலிக்கு ஆளானார்கள். தன்னை வாட்டிய மனப்பதற்றத்தைப் பற்றிக் கைல் கை பிறகு வெளிப்படையாகவே எழுதினார்.

2021-லும் 2023-லும் வர்ஜீனியா மீண்டும் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2023-இல் முதலிடம் பெற்றிருந்த பர்டூவும் பதினாறாம் இடத்து ஃபேர்லீ டிக்கின்சனிடம் தோற்று, அடுத்த ஆண்டே இறுதி ஆட்டம் வரை போனது. அடுத்த மார்ச்சில் இன்னொரு பெரிய அணி இப்படி வீழும், அதைக் கேலி செய்யும் பதிவுகள் உன் கண்ணில் படும். நீ எழுத உட்காரும் முன், அந்த அணி நவம்பர் முதல் ஆடிய எல்லா ஆட்டங்களின் முடிவுகளையும் ஒருமுறை படித்துவிடு.

அன்புடன்,
உன் சித்தப்பா