காமாலையும் கீழாநெல்லியும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கம் தீவில், மழை பெய்த சில நாள்களில் வாழைத் தோட்டங்களிலும் வயல் வரப்புகளிலும் கீழாநெல்லி முளைத்துவிடும். நெல்லி வடிவச் சிறு காய்கள் இலைகளுக்கு அடியில் வரிசையாகத் தொங்குவதால் அப்பெயர். காமாலை கண்டால் இதனை வேரோடு அரைத்து, மோரில் கலந்து, வெறும் வயிற்றில் கொடுப்பது நம் வட்டாரத்தின் பழைய வழக்கம். எங்களிடம் வரும் காமாலை நோயாளிகளுள் பலர் அதனை அருந்திய பின்னரே வருகின்றனர். சிலர் அதைச் சொல்லத் தயங்குகின்றனர். தயங்க வேண்டியதில்லை. தன்வந்திரிக்குச் சன்னிதி உள்ள ஊரில் மூலிகையைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று.

அறிவியலும் இச்செடியைப் புறக்கணிக்கவில்லை. சென்னையில் தியாகராஜன் குழுவினர் நடத்திய ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து அக்கிருமியின் அடையாளப் புரதம் மறைந்தது. மருந்தற்ற போலிப் பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. ஆனால், பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அப்பயன் உறுதிப்படவில்லை.

அப்படியானால் ஊரில் இத்தனை பேருக்கு எவ்வாறு குணமாயிற்று? அசுத்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணியும். அந்நாள்களில் எதை அருந்தினாலும் புகழ் அதற்கே சேரும்.

பித்தக்குழாயைக் கல்லோ புற்றுக்கட்டியோ அடைப்பதால் வரும் காமாலை அத்தகையதன்று. கண் மஞ்சளாவது இரண்டிலும் ஒன்றே. உடல் அரிப்பும் சுண்ணாம்பு போல் வெளுத்த மலமும் அடைப்பைச் சுட்டக்கூடும்; வலியே இல்லாமலும் இருக்கலாம். அதனைப் பத்தியத்தில் கழித்தால், கல்லை எண்டோஸ்கோப்பி வழியே எடுக்கவோ கட்டியை அறுத்து நீக்கவோ உரிய காலம் கைநழுவும். ஓர் இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் போதும், எவ்வகைக் காமாலை என்பதைப் பெரும்பாலும் அறிந்துவிடலாம். ஆகவே முதலில் பரிசோதனை. மூலிகையைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

குளிர்காய்ச்சல், இரத்தக்கசிவு, ஓயாத வாந்தி, பகலில் மீறிய உறக்கம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே வருக. கருவுற்ற பெண்ணுக்குக் காமாலை என்றால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்கு உயிராபத்தாக முடியக்கூடும்.

உப்பில்லாப் பத்தியம் எல்லோருக்கும் உரியதன்று. வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கே உப்பைக் குறைக்கச் சொல்கிறோம். வாந்தியால் தளர்ந்தவருக்கு அது மேலும் சோர்வையே தரும்.

வரும்போது, அருந்திய செடியின் ஒரு கொத்தையோ பொடியின் பொட்டலத்தையோ கொண்டு வாருங்கள். கூட்டுப் பொடியில் என்னென்ன கலந்துள்ளன என்பது அதன் பெயரால் மட்டும் எங்களுக்கு விளங்காது.