குரோமோசோம் பிறழ்ச்சிகளின் பதிவேடு

மக்கள் உயிரணுக்களின் உட்கருவில் 46 குரோமோசோம்கள் உளவென்பது இன்று பள்ளிச் சிறாரும் அறிந்ததே. ஆயினும் அத்தொகை 48 என்றே அறிஞர் நெடுங்காலம் கருதியிருந்தனர். ஸ்வீடன் நாட்டு லண்ட் நகரில் ஆராய்ந்த சியோ, லெவான் என்னும் இருவர் 1956-ஆம் ஆண்டில்தான் உண்மையை வெளியிட்டனர்.

தொகை பிழையாது நிற்க, அமைப்பு மட்டும் பிறழ்தலும் உண்டு. ஒரு துண்டு அற்று நீங்கலாம், இரட்டிக்கலாம், தலைகீழாய்த் திரும்பி ஒட்டலாம், வேறொரு குரோமோசோமிற் சென்று பொருந்தலாம். எழுத்துத் தோன்றலும் திரிதலும் கெடுதலும் பயின்ற தமிழ் மாணவர்க்கு இவை புதுமையாகத் தோன்றா. ஆயின் ஆண்டு விதியுண்டு. ஈண்டு அத்தகைய விதியொன்றும் இல்லை. இப்பிறழ்ச்சி யாவும் நோய் விளைப்பன என்றெண்ணலும் தவறு. துண்டுகள் இடம் மாறியிருந்தும் யாதொரு குறையுமின்றி வாழ்வார் பலர் உளர். அற்றேல், எப்பிறழ்ச்சி எந்நோய்க்கு உரியதென அறிவது எங்ஙனம்? ஒருவரை மட்டும் நோக்கி அறிதல் அரிது. பலரை ஒருங்கு வைத்து ஒப்பிடல் வேண்டும்.

இதற்குச் சான்றாவது நாட்பட்ட வெள்ளணுப் புற்றுநோயின் வரலாறு. அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்பார் 1960-இல் அந்நோயாளரின் அணுக்களில் இயல்பினும் சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். அந்நகரின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. துண்டொன்று தொலைந்ததென்றே பலரும் கருதினர். சிகாகோவில் ஜேனட் ரௌலி என்னும் அம்மையார், சாயமேற்றிய குரோமோசோம்களின் நிழற்படங்களை ஒவ்வொன்றாய்க் கத்தரித்து அடுக்கி நோக்கி, 22-ஆம் குரோமோசோம் இழந்த துண்டு 9-ஆவதில் ஒட்டியிருத்தலை 1973-இல் தெரிவித்தார். தொலைந்ததன்று, இடம் மாறியதே! 9-ஆவதினின்று பெயர்ந்த ஏபிஎல் என்னும் மரபணு, 22-ஆவதிலுள்ள பிசிஆர் என்பதனோடு புணர்ந்து, அணுக்களை ஓயாது பெருகுமாறு தூண்டும் புரதமொன்றைத் தோற்றுவிக்கின்றதெனப் பின்னர் விளங்கிற்று. அப்புரதத்தை அடக்கும் இமாடினிப் என்னும் மருந்து 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சில்லாண்டில் உயிர் கவர்ந்துவந்த நோயுடன் இன்று பலர் நெடுங்காலம் வாழ்கின்றனர்.

இங்ஙனம் தனித்தனியே காணப்பட்டவற்றை ஓரிடத்திற் சேர்க்கும் பெரும்பணியை மேற்கொண்டவர், அதே லண்ட் நகரத்துப் பேராசிரியர் ஃபெலிக்ஸ் மிட்டல்மன். புற்றுநோயிற் காணும் குரோமோசோம் பிறழ்ச்சிகளின் பட்டியலை அவர் 1983-இல் நூலாக வெளியிட்டார். அது வளர்ந்து, 2000-ஆம் ஆண்டு முதல் இணையத்தில் யாவரும் காணத்தக்க தரவுத்தளமாயிற்று. 70,000-க்கும் மேற்பட்ட நோயாளரின் பதிவுகள் அதில் உள. பெயர் இல்லை, நோயின் வகையும் பிறழ்ச்சியின் குறியீடும் அங்குக் காணப்பெறும். மேற்கூறிய இடமாற்றத்தை 'டி (9;22) (கியூ34;கியூ11)' எனக் குறிப்பர். 'டி' என்பது இடமாற்றம். 'கியூ' என்பது குரோமோசோமின் நெடுங்கை. குறுங்கைக்குரிய எழுத்து 'பி'. எஞ்சிய எண்கள் முறிந்த இடத்தைச் சுட்டும். நூற்பாவினுஞ் சுருங்கிய இவ்வொரு வரியுள் ஒருவருடைய நோயின் வேர் அடங்கிக் கிடத்தல் வியப்பே.

அரியதொரு பிறழ்ச்சியைக் காணும் மருத்துவர், முன்னர் எவரிடத்தேனும் அது காணப்பட்டதா என இதனுள் தேடலாம். ஆயினும் ஒன்று கருதற்பாலது. இப்பதிவுகள் அச்சேறிய ஆய்வுரைகளினின்று திரட்டப்பட்டவை. அரியனவற்றையே அறிஞர் விரும்பி எழுதுவராகலின், பதிவின் மிகுதி கொண்டு நோயின் மிகுதியை அளத்தல் பொருந்தாது.

புற்றுநோயன்றிப் பிறவியிலேயே அமைந்த பிறழ்ச்சிகளுக்கும் இத்தகைய தளமுண்டு. இங்கிலாந்தில் 2004-இல் தொடங்கிய டெசிஃபர் என்பது அது. வளர்ச்சி குன்றிய குழவியொன்றின் மரபுப் பொருளில் நுண்ணிய துண்டொன்று இல்லையெனக் காணும் மருத்துவர், அதே துண்டை இழந்த மற்றொரு குழவி வேறெந்நாட்டிலேனும் உளதாவென அதன்கண் தேடுகின்றார்.