சுத்தியல் பிடிக்கட்டும் சின்னக் கைகள்!

"ஐயையோ, ஆணியைத் தொடாதடா... கையில குத்திக்கும்!"

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற குரல்தான் இது. பயம் நியாயமானதே. ஆனால், தொடவே விடாமல் வளர்த்தால் பிள்ளைக்குக் கைப்பழக்கம் எப்படி வரும்?

சுவீடன் நாட்டில் ஓட்டோ சாலமன் என்பவர் 1870-களிலேயே மரவேலையைப் பள்ளிப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். காந்திஜியும் 1937-ல் வார்தா மாநாட்டில், கைத்தொழில் வழியாகவே கல்வி தரவேண்டும் என்றார். பலகையைத் தேய்க்கும்போதும், ஆணி அடிக்கும்போதும் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகுகின்றன. விரல்களுக்கு வலு கூடுகிறது.

முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போனால், பிள்ளைகள் கைவினைகளைத் தாங்களே செய்து பார்க்கலாம். அதேபோல் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை குடியிருப்புச் சங்கங்களின் பொங்கல் விழாவில், கோலப் போட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரவேலை மேஜை போட்டால் என்ன? உங்கள் பகுதி ஆசாரியையே அழையுங்கள். அன்றைய கூலியை மரியாதையாகக் கொடுங்கள்.

எந்த வயதில் என்ன?

* 4, 5 வயது: வெட்டி வைத்த மரத்துண்டை உப்புத்தாளால் தேய்த்து, பெவிகாலால் ஒட்டி, பொம்மை வண்டி செய்யலாம்.

* 6 முதல் 8: முன்பே சிறு துளை போட்ட பலகையில் ஆணி அடிக்கலாம். ஆணியை விரலால் பிடிக்க வேண்டாம். துணி காயப்போடும் கிளிப்பால் பிடிக்கட்டும். ஆணிகளைச் சுற்றி நூல் கட்டினால் மீன், நட்சத்திரம் ரெடி!

* 9-க்கு மேல்: கிளாம்ப் போட்டு இறுக்கிய பலகையைச் சிறு ரம்பத்தால் அறுத்து, சாவி மாட்டும் பலகை செய்யலாம். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும்.

கவனம்!

பேக்கிங் பெட்டிப் பலகையில் 'எம்.பி.' முத்திரை இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அது மீதைல் புரோமைடு என்ற நச்சுப் புகை காட்டியது. 'எச்.டி.' என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது. கண்ணாடி, ஷூ அவசியம். தலைமுடியைக் கட்டிவிடுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையைத் தேய்க்கிற இடத்தில் உட்கார வைக்காதீர்கள். தூளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடையுங்கள்.

சிலாம்பு ஏறினால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஊறவைத்தால் மரம் உப்பிவிடும். ஸ்பிரிட்டில் துடைத்த இடுக்கியால், ஏறிய வாக்கிலேயே திரும்ப இழுங்கள். காபித்தூள் அப்ப வேண்டாம். ஆழமாகப் போயிருந்தாலோ, கண்ணில் பட்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

டெட்டனஸ் பாதுகாப்புக்கான ஊசி 5-6 வயதிலும், 10, 16 வயதிலும் போடவேண்டும். விழாவுக்கு முன்பே தடுப்பூசி அட்டையை ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஆணி கோணலாகத்தான் இறங்கும். "குடு, நான் அடிச்சுத் தரேன்" என்று பிடுங்கிவிடாதீர்கள். அந்தக் கோணல் பலகையிலேயே உங்கள் வீட்டுச் சாவியை மாட்டுங்கள். அடுத்த பலகை நேராக வரும்!