ரோச் லைற்றா, தலை லைற்றா? வீட்டுக்கும் வேலைக்கும் ஏற்றதைத் தெரிவு செய்தல்

ரோச் லைற்றுக்குள்ளும் தலை லைற்றுக்குள்ளும் இருப்பவை ஒரே பொருள்கள்தாம்: ஒரு எல்.ஈ.டி., அதன் ஒளியைத் திரட்டும் கிண்ணம் அல்லது வில்லை, ஒரு பற்றரி, ஒரு சுவிச். வேறுபாடு அவை இருக்கும் இடத்தில் உள்ளது. ரோச் லைற் கையில் இருப்பதால் கை காட்டும் திசைக்கு ஒளி போகிறது. தலை லைற் நெற்றியில் இருப்பதால் முகம் திரும்பும் திசைக்கு ஒளி போகிறது. எது வசதி, எது பாதுகாப்பு, எது நீடித்து உழைக்கும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறது.

வலிகாமம் மேற்கில் உள்ள வட்டுக்கோட்டையிலும் அதைச் சூழ்ந்த அராலி, சங்கரத்தை, சித்தங்கேணி, சங்கானை, மூளாய், பொன்னாலை ஆகிய ஊர்களிலும் இருட்டில் நடக்கும் வேலைகள் பல. தோட்டத்துக்கு விடியுமுன் இறைப்பு, மாரியில் வயல் வரம்பு பார்த்தல், பனையில் ஏறிக் கள் இறக்குதல், பரவைக்கடலில் வலை இழுத்தல், மாட்டுக் கொட்டிலில் பால் கறத்தல், தெருவிளக்கு இல்லாத ஒழுங்கைகளில் நடத்தல் என அவை விரியும். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய ஒளி வேறு.

இரண்டும் வந்த வழி

கையில் பிடிக்கும் குழல் வடிவ மின்விளக்குக்கு டேவிட் மிசெல் என்பவர் அமெரிக்காவில் 1899இல் காப்புரிமை பெற்றார். தலை விளக்கு சுரங்கத்தில் பிறந்தது. முதலில் தொப்பியில் மாட்டிய எண்ணெய் விளக்கும் கார்பைட் விளக்கும் இருந்தன. பின்னர் இடுப்பில் கட்டிய பற்றரியோடு வயரால் இணைத்த மின்விளக்கு வந்தது. பற்றரியும் விளக்கும் ஒரே தலைப்பட்டியில் அமைந்த விளக்கை பிரான்சின் பெட்சல் நிறுவனம் 1973இல் வெளியிட்டது. 1990களில் வெள்ளை ஒளி தரும் எல்.ஈ.டி. வந்தபின் இரண்டும் சிறுத்தன, ஒளி கூடியது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இந்த வரலாற்றில் தனியான ஒரு பாடம் உண்டு. 1990இல் தொடங்கிய போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெயும் பற்றரியும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் திரியும் இட்ட விளக்கிலேயே ஒரு தலைமுறை படித்தது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. எந்த விளக்கை வாங்கினாலும் அதற்கு மின் எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்வி இங்கு முதல் வரிசையில் நிற்க வேண்டியது இதனால்தான்.

பெட்டியில் உள்ள எண்களைப் படித்தல்

லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. கண்டெலா என்பது கற்றையின் நடுவில் ஒளி எவ்வளவு செறிந்துள்ளது என்பதன் அளவு. பெரிய லூமன் எண் தூரம் காட்டும் என்பதற்கு உறுதி இல்லை. 300 லூமனை ஒடுங்கிய கற்றையாக்கினால் அது வயலின் மறுகரையைத் தொடும். அதே 300 லூமனை அகல விரித்தால் முற்றம் முழுவதும் தெரியும். தூரத்தில் ஒன்றும் தெரியாது.

நல்ல தயாரிப்பாளர்கள் எஃப்.எல்.1 என்ற பொதுத் தரத்தின்படி அளந்து எண்களை அச்சிடுகிறார்கள். அதில் எட்டும் தூரம் என்பது, ஒளி 0.25 லக்ஸ் ஆகக் குறையும் இடம் வரையுள்ள தூரம். தெளிந்த வானில் முழுநிலா தரும் ஒளி ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே 200 மீற்றர் என்று போட்டிருந்தால் 200 மீற்றரில் நிற்கும் ஆளை அடையாளம் காணலாம் என்று கொள்ளக்கூடாது; பயன்படும் தூரம் அதில் பாதி அல்லது அதற்கும் குறைவு. கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் இந்தத் தூரம் மீற்றரில் கிடைக்கும்: 10,000 கண்டெலாவுக்கு 200 மீற்றர். ஒளிரும் நேரம் என்பது, தொடக்க ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரம். கடைசி மணித்தியாலங்களில் மங்கலான ஒளியே இருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கைக்கெட்டும் தூரத்தில் செய்யும் வேலைக்கு 30 முதல் 100 லூமன் போதும். நடப்பதற்கும் வீட்டு வளவுக்கும் 100 முதல் 300 போதும். இதற்கு மேல் போகும் ஒளி பற்றரியைத் தின்னும். வெப்பமும் ஏறுவதால் பெரும்பாலான விளக்குகள் சில நிமிடங்களில் தாமே ஒளியைக் குறைத்துக்கொள்கின்றன.

ரோச் லைற்றின் பலம்

முதலாவது பலம் தூரம். அகன்ற, ஆழமான கிண்ணத்துக்கு அதில் இடம் உண்டு. அகன்ற கிண்ணம் ஒளியை ஒடுக்கி நெடுந்தூரம் செலுத்தும். இரண்டாவது, நிழல். கண்ணுக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் பிடித்த ஒளி தரையைச் சாய்வாகத் தொடுவதால் ஒவ்வொரு கல்லுக்கும் குழிக்கும் நிழல் விழுகிறது. மேடுபள்ளம் தெளிவாகத் தெரிகிறது. நெற்றியிலிருந்து போகும் ஒளியில் நிழல் பொருளுக்குப் பின்னால் மறைந்துவிடுவதால் நிலம் தட்டையாகத் தோன்றும்.

பாம்பு விடயத்தில் இது உயிர் காக்கும் வேறுபாடு. மாடு, நாய், பூனையின் கண்கள் ஒளி பட்டால் மின்னும். பாம்பின் கண் அப்படி மின்னுவதில்லை. அதை உருவத்தாலும் நிழலாலும்தான் காண வேண்டும். இரவில் நடமாடும் எண்ணெய் விரியனும், மணற்பாங்கான இடங்களில் காணப்படும் சிறிய சுருட்டை விரியனும் குடாநாட்டில் உள்ளவை. ஒழுங்கையில் நடப்பவர் ரோச்சைத் தாழ்த்திப் பிடித்து, இரண்டு மூன்று எட்டு முன்னால் அடிக்க வேண்டும்.

மழை, பனிமூட்டம், புகை, தூசி இவற்றிலும் ரோச்சே மேல். நெற்றி ஒளி கண்ணருகே உள்ள துளிகளில் பட்டுத் திரும்பி வெண்திரை போலப் பார்வையை மறைக்கும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசாமல் ஒளியைக் கீழே திருப்புவதும் கையில் இருக்கும் விளக்குக்கு எளிது.

தலை லைற்றின் பலம்

இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கின்றன என்பதே அதன் முதன்மையான பலம். ரோச்சை வாயில் கவ்வியோ கக்கத்தில் இடுக்கியோ வேலை செய்யும்போது ஒளி ஆடும், வேலையும் பிழைக்கும். இரண்டாவது, நிழலின்மை. மேலே குறையாகச் சொன்ன அதே தன்மை கிட்டத்து வேலையில் நன்மையாகிறது. மோட்டார் சைக்கிள் இயந்திரத்தின் இடுக்கில் பார்க்கும்போது கண்ணும் ஒளியும் ஒரே கோட்டில் இருப்பதால் கை நிழல் விழுந்து மறைப்பதில்லை.

சிவப்பு ஒளி உள்ள தலை லைற் இரவுத் தொழிலுக்கு மேலும் நன்று. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெள்ளை ஒளியை ஒரு கணம் பார்த்தாலும் அந்தப் பழக்கம் குலையும். மங்கிய சிவப்பில் அது பெரிதும் குலைவதில்லை. முகத்தைச் சுற்றும் பூச்சிகளும் குறையும்.

குறைகளும் உண்டு. பாரம் நெற்றியில் தங்குவதால் நெடுநேரம் அணிந்தால் கழுத்து வலிக்கும். பற்றரிப் பெட்டி பின்மண்டையில் இருக்கும் வகையில் பாரம் இரு பக்கமும் பகிரப்படும். வியர்வையில் பட்டி இறுகி நாறும். கழற்றிக் கழுவக்கூடிய பட்டியே வேண்டும். பேசுபவரின் முகத்தில் ஒளி நேரே அடிக்கும் என்பதால், விளக்குத் தலையைக் கீழ்நோக்கிச் சாய்க்கும் வசதி இல்லாததை வாங்கக்கூடாது.

வேலைக்கு ஏற்றது எது

*தோட்டமும் வயலும்.* விடியற்புறத்தில் மோட்டாரைப் போட்டு, மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டி மறித்துத் தண்ணீர் மாற்றுபவருக்கு இரண்டு கையும் வேண்டும். அகன்ற கற்றையுள்ள தலை லைற்றே பொருந்தும். வரம்பால் நடந்து போய் வருவதற்கு மடியில் ஒரு சிறு ரோச்சும் இருக்க வேண்டும்.

*பனை.* சீவல் தொழிலாளியின் கைகளும் கால்களும் மரத்துக்கே உரியவை. வெளிச்சம் வருமுன் ஏற வேண்டியவருக்குத் தலை லைற் தவிர வேறு தெரிவு இல்லை. பாரம் குறைந்ததும், பட்டி உச்சந்தலைக்கு மேலாகவும் செல்வதுமான வகை வழுகாது.

*பரவைக்கடல்.* அராலியிலும் பொன்னாலையிலும் இரவில் வலை பார்ப்பவருக்கும் தலை லைற்றே. கரையைத் தேடவும் மற்றவருக்குச் சைகை காட்டவும் தூரம் எட்டும் ரோச் ஒன்று தோணியில் கிடக்க வேண்டும். வலையைப் பார்க்க விளக்கு வைத்திருப்பது வேறு. ஒளி பாய்ச்சி மீனைக் கூட்டிப் பிடிப்பது வேறு. பின்னையதற்குச் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு.

*கிணறு.* மேலிருந்து நீர்மட்டம் பார்க்க ரோச். உள்ளே இறங்கிச் சேறு அள்ளத் தலை லைற். மின்விளக்கு கிணற்றுக் காற்று நல்லதா என்று சொல்லாது. பாவனையற்ற கிணற்றில் ஒருவர் தனியாக இறங்கக்கூடாது.

*திருத்த வேலை, வயரிங், கொட்டில்.* தலை லைற், தாழ்ந்த ஒளி. வயர்களின் நிறத்தைப் பிரித்தறிய வேண்டியவர், நீலம் பாய்ந்த 6500 கெல்வின் ஒளியை விட 4000 கெல்வினை அண்டிய ஒளியைத் தெரிவு செய்வது நல்லது.

*காவல்.* வளவையும் கோயில் வீதியையும் கட்டாக்காலி மாடுகளையும் தூரத்தில் பார்க்க வேண்டியவருக்கு ஒடுங்கிய கற்றையுள்ள ரோச்.

*சைக்கிள்.* கல்லுண்டாய் வெளி போன்ற இருண்ட, திறந்த வீதியில் போபவருக்கு இரண்டுமே முழு விடை ஆகா. தலை லைற் முகத்தோடு திரும்புவதால் எதிரே வரும் சாரதிக்குச் சைக்கிளின் திசை விளங்காது. கைபிடியில் பூட்டிய முன்விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும்.

*மின்வெட்டில் வீடு.* சமையலுக்குத் தலை லைற். குடும்பம் இருக்கும் அறைக்கு, மேசையில் நிமிர்த்தி வைத்துச் சீலிங்கில் ஒளி படச் செய்யக்கூடிய தட்டையான அடியுள்ள ரோச். பிள்ளைகள் படிக்க மேசை விளக்கே தகும்.

பற்றரி

மூன்று வழிகள் உள்ளன. டபிள் ஏ, டிரிபிள் ஏ பற்றரிகள் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். எப்போதாவது எடுக்கும் விளக்குக்கு அவை போதும். ஆனால் தீர்ந்த அல்கலைன் பற்றரி உள்ளேயே கிடந்தால் கசிந்து தொடுமுனைகளை அரித்துவிடும்.

நாள்தோறும் உழைப்பவருக்கு 18650 எனப்படும், 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள லித்தியம் பற்றரி சிக்கனமானது. தரமான ஒன்றின் மின் மூன்று டிரிபிள் ஏ பற்றரிகளுக்குச் சேர்த்து உள்ளதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இதன் கொள்ளளவு பொதுவாக 3500 மில்லி அம்பியர் மணித்தியாலத்தை அண்டியதே உச்சம். உறையில் 9900 என்று அச்சிட்டிருந்தால் அந்த எண் பொய். அந்தப் பற்றரியையும் நம்ப வேண்டாம். பற்றரியைக் கழற்றி மாற்ற முடியாத விளக்கு, பற்றரி செத்ததும் குப்பை.

மூன்றாவது, சுவரில் நேரே செருகிச் சார்ஜ் போடும் மலிவு ரோச்கள். பலவற்றில் ஈய அமிலப் பற்றரி உண்டு. மாதம் ஒருமுறையாவது சார்ஜ் போடாமல் விட்டால் அது கெட்டுவிடும். இவற்றின் உட்சுற்று சுவர் மின்னிலிருந்து பிரிக்கப்படாமல் இருப்பதுண்டு. சார்ஜ் ஏறும்போது கையில் எடுப்பதோ எரிய விடுவதோ ஆபத்து. யூ.எஸ்.பி. வழியாகச் சார்ஜ் ஏறுவதை வாங்கினால் சிறு சூரியத்தகட்டிலும் பவர் பாங்கிலும் ஏற்றலாம். மின்வெட்டுக் காலத்தில் அதுவே கைகொடுக்கும்.

நீரும் உப்பும்

ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். மாரி மழைக்குப் போதும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும். கடலுக்கு இதற்குக் குறைந்தது வேண்டாம். முன்தலையை இழுத்துக் கற்றையை ஒடுக்கும் விளக்குகளில் அந்த நகரும் இடைவெளியால் நீர் புகுவது வழக்கம். கடலுக்குப் போய்வந்த விளக்கை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கன் கிறீஸ் இட்டால் பல ஆண்டு உழைக்கும்.

முடிவு

தூரத்தில் பார்க்கவும் இருட்டில் நடக்கவும் ரோச் லைற். கையால் வேலை செய்யத் தலை லைற். ஒன்றுதான் வாங்கலாம் என்றால், தோட்டம், பனை, கடல், திருத்த வேலை ஆகியவற்றால் வாழும் வீடு தலை லைற்றை வாங்கட்டும். அதைக் கழற்றிக் கையில் பிடித்தால் ரோச் போல ஓரளவு உதவும். ரோச்சை நெற்றியில் கட்ட முடியாது. வயோதிபர் மட்டும் இருக்கும் வீடும், இரவில் நடந்து போய்வருபவர்கள் உள்ள வீடும் ரோச்சை வாங்கட்டும். இரண்டும் வாங்க முடிந்தவர்கள் ஒரே வகைப் பற்றரியில் எரியும் இரண்டைத் தெரிவு செய்து, சார்ஜ் ஏற்றிய ஒரு பற்றரியை மேலதிகமாக எப்போதும் வைத்திருக்க வேண்டும்.