துவர்ப்பு அடங்கும், பழம் மிஞ்சுமா?

கேள்வி: பாரிஸ் அருகே பதினைந்து ஆண்டுகளாக வசிக்கிறேன். உடன் வேலை பார்த்தவர் ஓய்வு பெறும்போது 2019ஆம் ஆண்டு போயாக் சிவப்பு வைன் மூன்று பாட்டில் தந்தார். ஒன்றைத் திறந்து குடித்தேன். கடுக்காயைக் கடித்ததுபோல் வாய் இழுத்துப் பிடித்தது. “அப்படித்தான் இருக்கும், பத்து வருடம் வையுங்கள்” என்கிறார். துவர்த்தால் நல்ல வைனா? வைக்கத் தகுந்ததா என்பதைச் சுவைத்தே அறிய முடியுமா?

பதில்: அவர் சொன்னதில் பாதி சரி. போயாக், போர்தோவின் மெதோக் பகுதியில் உள்ள ஊர். அங்கே வைனில் பெரும்பங்கு கேபர்னே சோவின்யோன் திராட்சை, மெர்லோவும் சேர்ப்பார்கள். கேபர்னே பழம் சிறியது, தோல் தடித்தது, சதையோடு ஒப்பிட விதை அதிகம். தோலிலும் விதையிலும் உள்ள டானின், உமிழ்நீரின் புரதத்தைத் திரளச் செய்கிறது. வழவழப்பு போய் நாக்கு சொரசொரக்கிறது. வாழைப்பூவிலும் அதிகம் கொதித்த தேநீரிலும் நாம் உணரும் அதே துவர்ப்பு. ஆண்டுகள் செல்லச் செல்ல டானின் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் சேர்ந்து, ஒரு பகுதி வண்டலாகப் படியும். துவர்ப்பு தணியும்.

ஆனால் பழச்சுவையும் கூடவே தேயும். எனவே துவர்ப்பு அடங்கும் நாளில் பழம் மிச்சமிருக்குமா என்பதே கேள்வி. இரண்டாவது பாட்டிலை அதை அறியப் பயன்படுத்துங்கள்.

வைன் 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். சூடாக இருந்தால் ஆல்கஹால் மூக்கில் ஏறும்; குளிர்ந்தால் துவர்ப்பு கூடும். கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைத்தாள் மேல் சாய்த்துப் பாருங்கள். விளிம்பு ஊதா என்றால் இளமை; செங்கல் நிறம் என்றால் முதுமை. சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை முகருங்கள். இளம் கேபர்னேயில் பிளாக்கரண்ட் வகைப் பழங்களும், சீவிய பென்சிலும், சில சமயம் குடைமிளகாயும் மணக்கும். புகையிலை, தோல்பொருள் வாசனைகள் வயதால் வருபவை.

பிறகு ஒரு வாய். உடனே விழுங்காமல் ஈறு, கன்னம் எங்கும் படரவிடுங்கள். துவர்ப்பு மணல்போல் நறநறக்கிறதா, பட்டுத்துணிபோல் நெருக்கமாக இருக்கிறதா? எச்சில் ஊறவைக்கும் புளிப்பு இருக்கிறதா? விழுங்கியபின் சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று மனத்தில் எண்ணுங்கள். துவர்ப்பு மட்டும் நின்று பழம் ஓடிவிட்டால் அந்த வைனை வைப்பதில் பயனில்லை. பழமும் நின்றால் நம்பலாம்.

பாதியை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் மீண்டும் சுவையுங்கள். காற்றுபட்டும் பழம் வாடாமல் நின்றால் அது தாங்கும் வைன். வைன்காரர்கள் பலர் நம்பும் எளிய சோதனை இது. சோதித்து முடித்தபின் மிச்சத்தை ஆட்டுக்கறியோடு குடித்தால் இன்னும் நல்லது. கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கும்.

ஆனால் இந்தச் சோதனையும் முடிந்த முடிவல்ல. 1976இல் வைன் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பிரெஞ்சு, கலிபோர்னிய வைன்களை ஒப்பிட்டுப் பாரிஸில் நடத்திய புகழ்பெற்ற சுவைப்போட்டியில், கலிபோர்னியாவின் ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971 சிவப்பு வைன்களில் ஐந்தாம் இடம் பெற்றது. கலிபோர்னிய வைன்கள் வயதைத் தாங்காது என்று சொன்னவர்கள் உண்டு. 2006இல் அதே சிவப்பு வைன்களை மீண்டும் சுவைத்தபோது முதலிடம் அதற்கே. இளமையில் ஒரு வாய் சொல்லும் தீர்ப்பு முழுத் தீர்ப்பல்ல. பொறுமையோடு சுவைப்பவருக்கே முழுத் தீர்ப்பு தெரியும்.

மூன்றாவது பாட்டிலை 12, 13 டிகிரியில், இருட்டில், அசைவில்லாமல், தக்கை நனையும்படி படுக்க வையுங்கள். சோதனையில் பழம் நின்று, அப்படி ஓர் இடமும் இருந்தால் பத்து ஆண்டு காத்திருங்கள். சமையலறை அலமாரிதான் இருக்கிறது என்றால் காக்க வேண்டாம். இந்தக் குளிர்காலத்திலேயே, தந்தவரையும் அழைத்துத் திறந்துவிடுங்கள்.