நடுநிலைப் பள்ளிப் பருவமும் வீட்டின் மாற்றங்களும்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மூன்றாண்டுகள் பிள்ளைகளின் வாழ்வில் ஒரு பெரிய திருப்பமாகும். தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே நாள் முழுவதும் உடனிருந்து, பிள்ளையின் முகவாட்டத்தையும் அறிந்திருப்பார். ஆறாம் வகுப்பில் பாடத்திற்கு ஓர் ஆசிரியர் வருகிறார். அவர் விடைத்தாளைக் காண்கிறார். முகத்தைக் காண அவருக்கு நேரம் போதுவதில்லை. உடலும் இப்பருவத்தில்தான் விரைந்து வளர்கிறது.

இதே ஆண்டுகளில் வீட்டிலும் மாற்றங்கள் நேர்வதுண்டு. பாகப்பிரிவினை, தந்தையின் பணியிட மாற்றம், அக்காளின் திருமணம், பாட்டியின் மறைவு ஆகியவை கூடி வாழும் குடும்பங்களில் பிள்ளையின் மனத்தை ஆழமாகத் தொடுகின்றன.

நான் பணியாற்றிய காலத்தில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி காலாண்டுத் தேர்வில் கணக்கில் நல்ல மதிப்பெண் பெற்றாள்; அரையாண்டுத் தேர்விலோ அதில் பாதியும் பெறவில்லை. அவளைத் தனிப்பயிற்சிக்கு அனுப்பத் தாயார் முனைந்தார். மெல்ல வினவியபோது உண்மை தெரிந்தது. வீடு பாகமாகிவிட்டது. நாள்தோறும் கணக்குச் சொல்லித் தந்த தாத்தா, சித்தப்பாவுடன் வேற்றூர் சென்றுவிட்டார். "தாத்தாவுக்கு என்மேல் கோபமா, டீச்சர்?" என்று அவள் கேட்டாள். பெரியவர்கள் எவரும் அவளிடம் காரணம் சொல்லியிருக்கவில்லை. சொல்லாமல் விட்ட காரணத்தைப் பிள்ளை தன் குற்றமாகவே எண்ணிக்கொள்ளும். பின்னர்த் தந்தையார் உள்ளதைக் கூறி, விடுமுறை நாள்களில் அவளைத் தாத்தாவிடம் அழைத்துச் சென்றார். மதிப்பெண் உடனே உயரவில்லை. ஆயினும் வகுப்பில் மீண்டும் எழுந்து ஐயம் கேட்கத் தொடங்கினாள்.

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் ஆசிரியரின் இயல்பை முன்னும், மாணாக்கரின் இயல்பைப் பின்னும் வைத்தார். பிள்ளையை ஆராயுமுன் பெரியவர் தம்மை ஆராய வேண்டும் என்னும் பாடத்தை இவ்வரிசையிலிருந்து நாம் கொள்ளலாம். பெற்றோர் கருத வேண்டுவன நான்கு.

1. மாற்றத்தை முன்னதாகவே சொல்லுங்கள். எது மாறும், எது மாறாது என இரண்டையும் கூறுங்கள். பெரியவர்களின் பிணக்கைப் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டாம்.

2. மாலை உணவைக் காத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பகுதியில் நவம்பர் நடுவில் மாலை 5.40 மணியளவிலும், ஜூலைத் தொடக்கத்தில் 6.40 மணியளவிலும் கதிரவன் மறைகிறான். அதற்குள் உண்ணும் நம் வீடுகளில், பள்ளி விட்டதும் தனிப்பயிற்சிக்கு ஓடும் பிள்ளை, குடும்பம் ஒன்றாக அமரும் வேளையை இழக்கிறது. பயிற்சி தேவையாயின் உணவிற்குப் பின்னரோ விடுமுறைக் காலையிலோ அமையட்டும்.

3. உறக்கத்தைக் குறைக்காதீர்கள். 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 வயது முதல் 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று.

4. தேர்வைக் காட்டி அச்சுறுத்தாதீர்கள். தமிழகத்தில் 5, 8 ஆம் வகுப்புகளுக்கு 2019இல் அறிவிக்கப்பட்ட பொதுத்தேர்வு, 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இவ்வகுப்புகளின் மதிப்பெண் பிள்ளைக்கு எங்கே துணை வேண்டும் என்பதைக் காட்டும் குறியேயன்றி, அதன் தகுதிக்குத் தீர்ப்பன்று.

துயரம் பல வாரங்கள் நீடித்து, உணவும் விளையாட்டும் வெறுத்துப் போகுமாயின், வகுப்பாசிரியரையும் மருத்துவரையும் தயங்காது காணுங்கள்.

வீட்டில் சிந்திக்க:

அ. இவ்வாண்டு நம் இல்லத்தில் நேர்ந்த மாற்றம் எது? அதைப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்?

ஆ. மதிப்பெண்ணைத் தவிர வேறு எதைப் பற்றி இவ்வாரம் பிள்ளையிடம் பேசினோம்?

இ. பிரிந்து வாழும் தாத்தா பாட்டியைப் பிள்ளை இறுதியாகக் கண்டது எப்போது?