உலகச் சுகாதார நிதியமும் கணக்குக் கூறும் கடமையும்

பிறர் கொடுத்த பணத்தைக் கொண்டு மக்கள் நலம் பேணும் நிறுவனம், இரு தரப்பினருக்குக் கணக்குக் கூறக் கடமைப்பட்டுள்ளது. பணம் கொடுத்தவர் ஒரு தரப்பு. அப்பணத்தால் மருந்து பெற வேண்டிய நோயாளி மற்றொரு தரப்பு. கொடுத்தவர் கேள்வி கேட்க இயலும்; கொடுப்பதை நிறுத்தவும் இயலும். நோயாளிக்கு இவ்விரண்டும் எளிதில் இயல்வன அல்ல. ஆகவே இத்தகைய நிறுவனத்தை மதிப்பிடுவோர், வரவும் செலவும் நேராக உள்ளனவா என்று பார்ப்பதுடன் நின்றுவிடலாகாது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்று நோய்களையும் எதிர்த்துப் போராட நிறுவப்பட்ட உலக நிதியத்தின் அனுபவம் இதற்குத் தக்க பாடமாகும்.

அமைப்பு முறை

2002-ஆம் ஆண்டு ஜனவரியில், சுவிட்சர்லாந்து நாட்டுச் சட்டப்படி அமைந்த ஓர் அறக்கட்டளையாக, ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு இந்நிதியம் தோன்றியது. அரசுகளும் தனியார் அறக்கட்டளைகளும் வணிக நிறுவனங்களும் இதற்குப் பணம் வழங்குகின்றன. நிதியம் தானே மருத்துவமனை நடத்துவதில்லை; உதவி பெறும் நாடுகளில் அதற்குக் கிளை அலுவலகங்களும் இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் ஓர் ஒருங்கிணைப்புக் குழு திட்டத்தை வகுக்கிறது. ‘முதன்மைப் பெறுநர்’ எனப்படும் அமைப்பு பணத்தைப் பெற்று, துணைப் பெறுநர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. பெரும்பாலும் கணக்காய்வு நிறுவனங்களாக உள்ள உள்ளூர் நிதி முகவர்கள் கணக்குகளைச் சரிபார்க்கின்றனர். இந்தியாவில் முதன்மைப் பெறுநர்களுள் ஒன்றாக மத்திய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை செயற்பட்டு வந்துள்ளது.

இம்முறையால் தலைமையகத்தின் நிருவாகச் செலவு குறைகிறது. ஆனால் பணம் பல கைகள் மாறியே நோயாளியைச் சென்றடைகிறது என்பது இதன் குறைபாடாகும்.

2011-ஆம் ஆண்டு நெருக்கடி

இக்குறைபாட்டை உணர்ந்தே 2005-ஆம் ஆண்டில் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அது செயல் இயக்குநருக்கு உட்படாமல், நிருவாகக் குழுவிற்கு நேரடியாக அறிக்கை தருவது. அதன் அறிக்கைகளும் பொதுமக்கள் அறிய வெளியிடப்படுவன. மாலி, மொரிட்டானியா, ஜிபூட்டி, ஜாம்பியா ஆகிய நாடுகளில் நடந்த முறைகேடுகளை இவ்வலுவலகமே கண்டறிந்தது. மாலி நாட்டில் பயிற்சி வகுப்புகள் நடந்ததாகக் காட்டப்பட்ட செலவுகளில் போலி ஆவணங்கள் வெளிப்பட்டன. 2010 டிசம்பரில் அந்நாட்டிற்கான இரு மலேரியா உதவிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. காசநோய் உதவி ஒன்று அடியோடு முடிக்கப்பட்டது.

2011 ஜனவரியில் இச்செய்தி உலகெங்கும் பரவியது. சில உதவித் தொகைகளில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஊழலில் கரைந்தது என்று பத்திரிகைகள் எழுதின. அதுவரை வழங்கப்பட்ட 1,300 கோடி டாலரில் 3.4 கோடி டாலரையே திரும்பக் கேட்டுள்ளதாக நிதியம் விடையிறுத்தது. இது ஏறத்தாழ 0.26 சதவீதம் ஆகும்.

விகிதத்தைப் படிக்கும் முறை

இவ்விரு கூற்றுகளும் பிழையான கணக்குகள் அல்ல. எனினும் இரண்டும் படிப்போரைத் தவறான முடிவிற்கு இட்டுச் செல்லக் கூடியவை. மூன்றில் இரண்டு பங்கு என்பது சில உதவிகளுக்கு மட்டுமே உரியது. அதனை நிதியம் முழுவதற்கும் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. மறுபுறம், 0.26 சதவீதம் என்னும் விகிதத்தின் பகுதியில், ஆய்வுக்கே உட்படாத பணமும் அடங்கியுள்ளது. ஆய்வு செய்யப்படாத பணத்தை ஒழுங்காகச் செலவான பணம் என்று கொள்ள இயலாது. களவு போன பணம் என்று கொள்ளவும் இயலாது. எதனை எதனால் வகுத்துப் பெற்றது இவ்விகிதம் என்பதே மாணவர் முதலில் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

விளைவுகள்

ஜெர்மனியும் சுவீடனும் தம் பங்களிப்பை நிறுத்தி வைத்தன. போட்ஸ்வானாவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஃபெஸ்டஸ் மொகாயும், அமெரிக்காவின் முன்னாள் சுகாதாரத் துறைச் செயலாளர் மைக்கேல் லெவிட்டும் தலைமை தாங்கிய உயர்நிலைக் குழு, 2011 செப்டம்பரில் தன் அறிக்கையை அளித்தது. நிதி இடர்களை முன்கூட்டியே அளந்து நிருவகிக்க வேண்டும் என்றும், செலவைக் காட்டிலும் பயனில் கருத்தூன்ற வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் பதினோராவது சுற்று உதவித் திட்டம் கைவிடப்பட்டது. உலகப் பொருளாதாரத் தேக்கமும் இதற்கு ஒரு காரணமாகும். காரணம் எதுவாயினும், புதிதாகச் சிகிச்சை பெறக் காத்திருந்தோரே இழப்பிற்கு ஆளாயினர். தவற்றைச் செய்தவர் வேறு. தண்டனையைச் சுமந்தவர் வேறு.

மதிப்பீட்டிற்குரிய வினாக்கள்

இவ்வனுபவத்திலிருந்து ஐந்து வினாக்களைத் தொகுத்துக் கூறலாம்.

1. வாக்களிக்கப்பட்ட தொகை எவ்வளவு. கைக்கு வந்தது எவ்வளவு? 2022-ஆம் ஆண்டு நியூயார்க் மாநாட்டில் ஏறத்தாழ 1,425 கோடி டாலருக்கு வாக்குறுதிகள் கிடைத்தன. வாக்குறுதி வருவாய் ஆகாது.

2. வழங்கிய தொகைக்கும், கடைசிப் பெறுநர் உண்மையில் செலவிட்ட தொகைக்கும் இடையே எவ்வளவு தொகை தேங்கியுள்ளது?

3. நிருவாகச் செலவு குறைவாக இருப்பது சிக்கனத்தாலா, கண்காணிப்பின்மையாலா? தணிக்கையும் நிருவாகச் செலவே என்பதை மறத்தலாகாது.

4. தணிக்கையாளர் யாருக்கு அறிக்கை தருகிறார்? அவ்வறிக்கை வெளியிடப்படுகிறதா? இழந்த பணம் மீட்கப்படுகிறதா?

5. கூறப்படும் பயன் எவ்வாறு கணக்கிடப்பட்டது? 6.5 கோடி உயிர்கள் காக்கப்பட்டதாக நிதியத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இஃது எண்ணிப் பெற்றதன்று. நோய்க் கணிப்பு முறைகளால் மதிப்பிட்டுப் பெற்றது. நாடுகள் தம் சொந்த நிதியிலிருந்து செய்த செலவின் பயனும் இதில் கலந்துள்ளது.

முடிவு

முறைகேடு ஒன்றும் இல்லை என்று அறிவிக்கும் நிறுவனம் தூயதாகவும் இருக்கலாம். தேடிப் பாராததாகவும் இருக்கலாம். தன் குறையைத் தானே கண்டறிந்து வெளியிடும் நிறுவனத்தை அக்காரணத்திற்காகவே தண்டித்தால், ஏனைய நிறுவனங்கள் மௌனத்தையே கற்றுக்கொள்ளும். குறை வெளிப்பட்ட இடத்தில், பணத்தை மீட்பதும், பொறுப்பானவரை விலக்குவதும், மருந்து வழங்கலை வேறொரு பெறுநர் வழியாகத் தொடரச் செய்வதும் ஒருங்கே நிகழ வேண்டும்.

இந்தியா இந்நிதியத்திலிருந்து உதவி பெற்ற நாடு. அதற்குப் பங்களிப்பு வழங்கிய நாடும் ஆகும். ஆகவே இந்திய அலுவலர் மேசையின் இருபுறமும் அமர வேண்டியவராகிறார். பயன்பாட்டுச் சான்றிதழில் கையொப்பமிடுவதுடன் கணக்குக் கூறும் கடமை முடிந்துவிடுவதில்லை. மாத்திரை நோயாளியின் கையைச் சென்றடைந்தது என்று உறுதியாகும்போதுதான் அது நிறைவு பெறுகிறது.